பேய் பங்களாவின் அடுப்படி

"நீ செய்யற சட்டி, சுவரு எல்லாம் பிளாஸ்டிக் மாதிரி பளபளன்னு இருக்குய்யா! நிஜமா இருக்கறதைப் போட்டோ எடுத்து மேல ஒட்டு!" என்று முதலாளி காய்ச்சி எடுத்துவிட்டார்.

கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் சாமான்களை முப்பரிமாணத்தில் செய்து, மேலே நிறமும் அழுக்கும் போர்த்துவது என் வேலை. இந்த முறை பேய் பங்களா. அதில் சமையலறையும் அங்கே நிற்கும் பேயும் என் பொறுப்பு. அவர் சொன்னபடியே போட்டோ எடுத்து ஒட்டி, ஒரே வாரத்தில் முடித்தேன்.

விளையாடிப் பார்த்துச் சொல்ல எங்கள் வீட்டாரையே ஆபீசுக்கு வரவழைத்திருந்தார்கள். என் மனைவி வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பங்களாவுக்குள் நுழைந்தாள். அவள் பார்ப்பதெல்லாம் பெரிய திரையில் எங்களுக்கும் தெரிந்தது.

கூடத்தில் எலும்புக்கூடு பாய்ந்தது. கொட்டாவி விட்டாள். மாடிப்படியில் ரத்தம் வழிந்தது. "இதைத் துடைக்க ஆளே இல்லையா?" என்றாள். முதலாளியின் முகம் தொங்கிப்போனது.

அடுத்து, சமையலறைக் கதவைத் திறந்தாள்.

"ஐயையோ!"

அந்தக் கூச்சலில் ஆபீசே எழுந்து நின்றது.

"சபாஷ்! யாருய்யா இந்த ரூமைச் செஞ்சது? இனிமே அவன்தான் டீம் லீடர்!" என்று முதலாளி குதித்தார்.

நான் கை தூக்கவில்லை. மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தேன்.

மனைவி கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஏங்க, நில்லுங்க! கரி பிடிச்ச நம்ம அடுப்படியை ஊருக்கே காட்டுறீங்க, அது கூடப் போகட்டும். அந்தப் பேய் எதுக்குங்க என் கிழிஞ்ச நைட்டியைப் போட்டிருக்கு?"