மூன்று நாள் லீவு

சுற்றுலா வரைபடத்தை விரித்ததும் சமையல்காரருக்குத் தலை கிறுகிறுத்தது. எழுநூறு வருஷத்து ஐரோப்பிய நகரத்தை மூன்றே நாளில் எப்படிச் சுற்றிப் பார்ப்பது?

"முதல்ல அரண்மனையா, மணிக்கூண்டா?"

"மொதல்ல மேப்பை நேராப் பிடிங்க" என்றாள் மனைவி.

திருப்பினார். குழப்பம் கூடியதுதான் மிச்சம். "ஆத்துப் பாலம் சாயங்காலம்தான் அழகாம். அப்போ அரண்மனையைப் பூட்டிடுவானே?"

"ஏதாவது ஒண்ணு முடிவு பண்ணுங்க. நம்ம ரெண்டு பேருக்கும் சேர்ந்தாப்ல இனி எப்போ லீவு கிடைக்குமோ. அரண்மனைக்கு எப்படிப் போறது?"

கோட்டின் மேல் ஊர்ந்த அவர் விரல் சட்டென்று நின்றது.

"நம்ம தெருமுனையில வர்ற எட்டாம் நம்பர் பஸ்தான்."

"தினம் வேலைக்குப் போறோமே, அதுவா?"

"அதேதான். பன்னிரண்டு வருஷமா நாம இறங்குற ஓட்டலுக்கு அடுத்த ஸ்டாப்."