தட்டிக்குப் பின்னால் ஒரு மணி

“தட்டியைத் திறலே தேவஇரக்கம்! மணியைக் கண்ணால பாக்காம பாதிரியாருக்கு நான் என்னன்னு போய்ச் சொல்ல?”

வேப்பமரத்தடியில் நின்று அதட்டினார் ராபர்ட். சீவில்லிபுத்தூர் சபையின் மூப்பர். மரத்தின் பெரிய கிளைக்குக் கீழே நாலு பக்கமும் பனையோலைத் தட்டி கட்டி மறைத்திருந்தார்கள்.

“மூப்பரய்யா மறந்துட்டீகளா?” என்றார் தேவஇரக்கம் பணிவாக. அவர்தான் இந்தச் சின்னச் சபைக்குத் தலைவர். “ஒங்க கோயிலுக்கு மணி வந்தப்போ, செபம் பண்ணித் திறக்கிற வரைக்கும் யாரும் பாக்கப்படாதுன்னு மறைச்சு வச்சது நீங்கதானே? அதே வழக்கம்தான் இங்கயும்.”

ராபர்ட் தட்டியை விட்டு விலகி நின்றார். தான் போட்ட சட்டமே தன் காலைக் கட்டும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டே நாள். கோயிலுக்கு வெள்ளையடித்து, வாசலில் காகிதத் தோரணமும் கட்டியாகிவிட்டது. இராஜபாளையத்துக்கு வெளியே இருந்த அந்தச் சபையின் நாற்பது வீட்டுக்கும் ஒரே ஏக்கம்தான். இந்த வருஷமாவது பண்டிகை ஆராதனை தங்கள் கோயிலில் நடக்க வேண்டும். இத்தனை வருஷமும் பிள்ளைகுட்டிகளோடு சீவில்லிபுத்தூர் வரை நடந்து, உள்ளே இடமில்லாமல் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

பாதிரியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். காட்டிலும் வயலிலும் சிதறிக் குடியிருக்கிற சனத்தைக் கூப்பிட ஒரு மணி வேண்டும். கண்மாய்க் கரை வரை அதன் சத்தம் கேட்டால் வருவேன் என்றிருந்தார். கேட்டுச் சொல்ல வந்தவர்தான் ராபர்ட். அந்த வருஷம் புதிதாக விட்டிருந்த ரயிலில் ஏறி வந்திருந்தார். அந்தப் பெருமையை வந்ததிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டார்.

“ஒரு குலுக்கல் உண்டா? தொட்டில்ல போட்டு ஆட்டுன மாதிரில்லா கொண்டுவந்து விட்டான்!” என்று நாலாம் தடவையும் சொல்லிவிட்டு, “சரி, மணி எந்த ஊருல வார்த்தது?” என்றார்.

“சீமையிலய்யா. கப்பல்ல தூத்துக்குடி வந்து, அங்கேருந்து இங்க வந்தது. மேல இங்கிலீசுல எழுத்தெல்லாம் இருக்கு.”

ராபர்ட் முகம் சுருங்கியது. அவர்கள் சபை மணி மதுரையில் வார்த்தது.

“கூலி வேலைக்குப் போற சனத்துக்குச் சீமை மணியை யாரு குடுத்தா?”

“ஒரு தொரை. எங்க வேலையைப் பாத்துச் சந்தோசப்பட்டு, கையெழுத்துப் போட்டே குடுத்தாரு.”

“இழுக்கிற கயித்தைக் காணமே?”

“கயிறு வேண்டியதில்ல. உள்ள எங்க பய வேதமணி நிக்கான். கையாலயே அடிப்பான்.”

நம்பிக்கையில்லாமல் கண்மாய்க் கரைக்கு நடந்தார் ராபர்ட். சரியாக ஒரு மைல். அங்கே போய்க் காதை மூடியிருந்த தலைப்பாகையை ஒதுக்கினார்.

கணீரென்று வந்தது சத்தம். கொக்குகள் எழுந்து பறந்தன. தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த வேலுசாமி மண்வெட்டியை ஊன்றி, “எந்தக் கோயில் மணிங்கய்யா இது? வயித்துக்குள்ள வந்து அடிக்கு!” என்றான்.

ராபர்ட் திரும்பி வந்ததும், “பாதிரியார் வருவாரு,” என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் தேவஇரக்கத்தின் மனைவி அன்னாள் கணவனைப் பிடித்துக்கொண்டாள். “பெரிய மனுசர்கிட்ட இப்படியா சொல்லுவாக?”

“நான் சொன்னதுல ஒண்ணாவது பொய்யாட்டி?” என்றார் தேவஇரக்கம்.

அன்னாள் யோசித்துப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கிறிஸ்துமஸ் காலையில் மணியோசை கேட்டு, காட்டிலும் வயலிலும் இருந்த சனமெல்லாம் புதுத்துணியோடு வந்து சேர்ந்தது. பாதிரியார் மரத்தடியில் செபம் செய்தார். மணியை முதலில் கேட்டவர் என்ற மரியாதைக்கு, தட்டியைத் திறக்க ராபர்ட்டையே அழைத்தார்கள்.

திறந்தவர் திகைத்து நின்றார். சங்கிலியில் தொங்கியது மூன்றடி நீளத் தண்டவாளம். பக்கத்தில் வேதமணி சம்மட்டியோடு நின்றான்.

“தொட்டில்ல போட்ட மாதிரி வந்தேன்னீகளே மூப்பரய்யா,” என்றார் தேவஇரக்கம், நெஞ்சு நிமிர்ந்து. “அந்த ரயிலுப் பாதைக்கு நாங்க நாப்பது வீட்டாளும் தோள்ல சுமந்து போட்டது போக, மிஞ்சுன துண்டு இது.”