நாற்பத்தொன்றாம் ஆணி

பலகையில் இன்னும் ஒரு டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தது. நாற்பத்தொன்று. வேலுவின் நம்பர்.

முனிரத்தினம் கடைக்கு வெளியே எட்டிப் பார்த்தார். ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் வெயில் ஏறிவிட்டது. கடலில் மீன்பிடிக்கப் போன கோஷ்டி மெட்ராஸிலிருந்து திரும்பும் இரண்டாவது ரயிலும் வந்துவிட்டது. வேலுவைத்தான் காணவில்லை.

இந்த ஊர்த் தங்கச் சுரங்கத்தில் இறங்குகிறவன் பித்தளை டோக்கனைக் கொடுத்துவிட்டுத்தான் கேஜ் என்கிற கூண்டு லிஃப்டில் ஏறுவான். மேலே வந்ததும் வாங்கிக்கொள்வான். டோக்கன் மிஞ்சினால் ஆள் இன்னும் உள்ளே என்று அர்த்தம். தூண்டில் வியாபாரிகள் சங்கமும் அதே வழக்கத்தை வைத்துக்கொண்டது. கடலுக்குப் போகிறவர்கள் முந்தின சாயங்காலமே தலைவர் முனிரத்தினத்தின் கடையில் டோக்கனை மாட்டிவிட வேண்டும். திரும்பி வந்ததும் கழற்றிக்கொள்ள வேண்டும்.

வெள்ளைக்கார அதிகாரிகள் கப்பலேறிய பிறகு தூண்டில் வாங்க ஆளில்லை. இனித் தொழிலாளிகள்தான் கதி. மாதம் ஒருமுறை அவர்கள் பொழுதுபோக்காகக் கடலில் மீன்பிடித்து வர நிர்வாகம் லீவும் ரயில் சலுகையும் தர வேண்டும், சுரங்கத் தூசி படிந்த நெஞ்சுக்குக் கடல் காற்று நல்லது என்று சங்கம் மனு மேல் மனு போட்டது. கடைசியில் ஒரு வெள்ளோட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. அதைப் பார்த்து முடிவு சொல்ல ஆங்கிலோ இந்தியரான வெல்ஃபேர் ஆபீசர் ஆர்தர் இன்று வருகிறார்.

"தசரதன் நேத்தே வந்திருக்கணும்," என்றாள் மனைவி தாயம்மா உள்ளேயிருந்து. மகன் மூங்கில் வாங்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பியிருந்தான். "பூதிகோட்டை இன்னா சீமையிலயா கீது?"

"நல்ல மூங்கிலா பார்த்து வாங்கினு வரட்டும். இப்ப இன்னா அவசரம்?"

"நானும் கடலுக்குப் போறேன் நைனான்னு கேட்டான். அதுக்கு அந்தக் கத்து கத்தினீங்க. கோச்சிக்கினு எங்கனா உக்காந்துனு கீறானோ இன்னாமோ."

"தூண்டில் விக்கிறவனே மீன் புடிக்கப் போயிட்டா கடைய யாரு பார்க்கறது? போய் உன் வேலயப் பாரு."

சம்பங்கி வந்தான். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத் தொழிலாளி. சட்டையில் உப்புப் பூத்திருந்தது. சற்று முன் தன் டோக்கனைக் கழற்றிக்கொண்டு போனவன், திரும்பி வந்து தயங்கி நின்றான்.

"தலைவரே, நேத்து சாயங்காலம் செம காத்து. ரெண்டு போட்டும் ஆளுக்கொரு பக்கமா கரையேறிச்சு. அந்த போட்டுல போன நம்ம பையன் மொத ரயில்ல வந்துட்டான் இல்ல? கரையில எங்க கண்ணுலயே படல."

தெருவில் ஜீப் சத்தம் கேட்டது.

"எல்லாம் வந்தாச்சு," என்றார் முனிரத்தினம். "ஆபீசரு வர்றாரு. காத்து கீத்துன்னு இன்னொரு வார்த்த பேசினே, யாருக்கும் கடலும் கெடயாது, லீவும் கெடயாது. ஷிப்டுக்குக் கெளம்பு."

"வந்துட்டானா? அப்பாடா!" சம்பங்கி நெஞ்சைத் தடவிக்கொண்டு போனான்.

முனிரத்தினம் பலகையைப் பார்த்தார். மகனின் சிநேகிதன் வேலுவுக்குச் சொந்தபந்தம் கிடையாது. ராயபுரத்தில் குடித்துவிட்டு எங்கேயாவது கிடப்பான். அடுத்த வண்டிக்கு வருவான். அவனைத் தேடி அழ யாருமில்லை.

கடைசி நினைப்பு அவருக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் கை நீண்டது. நாற்பத்தொன்றாம் ஆணி வெறுமையானது.

ஆர்தர் உள்ளே வந்து பலகையின் முன் நின்றார். ஒவ்வோர் ஆணியாகப் பார்த்தார்.

"குட். ஒரே ஒரு டோக்கன் தொங்கியிருந்தாலும் முதல் வேலை மெட்ராஸ் துறைமுகத்துக்கு போன். உடனே தேடறதுக்கு போட் அனுப்பச் சொல்லணும். ரெண்டாவது வேலை உங்க மனுவைக் கிழிக்கிறது."

"தெரியுங்க சார்."

"பலகை சொல்லிடுச்சு. நீங்களும் சொல்லுங்க. எல்லாரும் வந்துட்டாங்களா?"

சட்டைப் பையில் டோக்கன் கனத்தது.

"வந்துட்டாங்க சார்."

ஆர்தர் மேஜைமேல் குனிந்து கையெழுத்துப் போட்டார். "மாசா மாசம் நடத்துங்க மிஸ்டர் முனிரத்தினம். ஒருநாள் நானும் வர்றேன். எனக்கும் ஒரு நல்ல தூண்டில் எடுத்து வைங்க."

ஜீப் புறப்பட்டுத் தெருமுனையில் மறைந்தது. முனிரத்தினம் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஜெயித்தாகிவிட்டது. கையெழுத்தான மனுவை மடித்து வைத்தார்.

வாசலில் நிழல் விழுந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒருவன் நின்றான். முகம் வெளிறியிருந்தது.

வேலு.

முனிரத்தினம் துள்ளி எழுந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "டேய் பாவி! எந்த வண்டியிலடா வந்தே?"

"வண்டியா? நான் ரூமை வுட்டே இப்பதான் மாமா வர்றேன். டோக்கன் மாட்டின ராத்திரிலேருந்து ஜுரம்."

முனிரத்தினம் காதில் அது ஏறவில்லை. பையிலிருந்து டோக்கனை எடுத்து அவன் கையில் வைத்து அழுத்தினார். "இந்தா புடி. உன்னால என் உசுரே போயிருக்கும்."

வேலு டோக்கனைப் பார்த்தான். நாற்பத்தொன்று. பிறகு காலியான பலகையைப் பார்த்தான். கம்பளி தோளிலிருந்து நழுவியது.

"இது இன்னும் இங்கயா கீது?"

"ஏன்டா, நீதானே மாட்டினே?"

"மாட்டினது நான்தான் மாமா. போனது தசரதன்."