வென்ற மட்டையின் நடுக்கம்

தோற்றவர் வீடு திரும்பிய பின்னும் வென்றவர் நடுங்குவதை நீங்கள் எங்கேனும் கண்டதுண்டா?

நித்யகலாவின் டென்னிஸ் மட்டை அப்படித்தான் நடுங்கிக்கொண்டிருந்தது. இறுதி ஆட்டத்தில் அமலியை வென்ற மறுநாள் காலை, அது அலமாரியில் புதுக் கோப்பையின் பக்கத்தில் சாய்ந்திருந்தது.

"வென்றது நாம்தானே, அண்ணே? குளிர்காய்ச்சலா?" என்று கோப்பை கேட்டது.

"தம்பி, இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி என்று எட்டு முறை நின்றோம். எட்டு முறையும் அமலி விடவில்லை. முழங்கால் சிராய்த்தும் ஓடினாள். ஒன்பதாவது முறை பந்து வலையின் விளிம்பில் உரசி, தற்செயலாக அவள் பக்கம் விழுந்தது. அந்தத் தற்செயலுக்குத்தான் உன் வயிற்றில் எங்கள் பெயரைப் பொறித்திருக்கிறார்கள்."

கோப்பை தன் வயிற்றை ஒருமுறை பார்த்துக்கொண்டது. "தோற்றதும் அழுதிருப்பாளே?"

"வலையருகே வந்து கைகொடுத்தாள். பிறகு மைதானக் காவலாளியிடம், 'நாளைக் காலை மைதானம் காலியாக இருக்குமா?' என்று கேட்டாள்."

"நாளை என்றால், இன்றா?"

"இன்றுதான்."

அப்போது கோப்பையைத் துடைக்க நித்யகலா துணியோடு வந்தாள். மட்டை மானத்தை விட்டுக் கெஞ்சியது.

"அம்மணி, அதைப் பிறகு துடைக்கலாம். என் நரம்புகள் தளர்ந்துவிட்டன. இன்றே முறுக்கேற்றி, இன்றே என்னை மைதானத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். அமலி இந்நேரம் முதல் பந்தை அடித்திருப்பாள்!"