கறுப்பு காயுமுன்

சிலாபத்துக் கண்காட்சி மண்டபத்தில் எல்லாரும் மெல்வினின் விமானத்தைத்தான் மொய்த்தார்கள். பக்கத்திலிருந்த என் விமானத்தை ஓர் ஈகூட எட்டிப் பார்க்கவில்லை. இரண்டும் பிளாஸ்டிக் மாதிரிகள்தான். ஆனால் அவனுடையது அசல் அலுமினியமாகவே மின்னியது. எனக்கு வயிறு எரிந்தது.

"வெள்ளிப் பூச்சு எல்லாரும் அடிக்கிறாங்க," என்றார் நடுவர். "ஆனா எஞ்சினுக்குப் பின்னால மங்கலா ஒரு கறை, நடுவில மெல்லிய கீறல். சூட்டில வெந்த தகடேதான்! முதல் பரிசு இதுக்கு. எப்படிச் செஞ்சீங்க?"

"நான் செய்யல்ல சேர்," என்றான் மெல்வின். "வெள்ளிக்கு அடியில பூசின கறுப்புப் பூச்சு காயிறதுக்குள்ள, வீட்டுக்கு வந்த கூட்டாளிக்குத் தேத்தண்ணி ஊத்தப் போனன். மேல வெள்ளி அடிச்ச பிறகுதான் தெரிஞ்சுது, ஆரோ பெருவிரலை வெச்சு அமத்தியிருக்காங்க. அண்டைக்கு எனக்கு அழுகையே வந்திச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டேன். என் பெருவிரலின் குறுக்கே, தூண்டில் நைலோன் அறுத்த பழைய தழும்பு இருக்கிறது.

மெல்வின் பரிசோடு நேரே என்னிடம் வந்தான்.

"அடுத்த விமானம் வியாழக்கிழமை தொடங்குறன் மச்சான். கறுப்பு காயிறதுக்கு முந்தி வந்திரு."