நேரில் பார்த்தவர்

"புது உத்தரவும்மா. உன் புருஷன் போர்ல செத்தத நேர்ல பார்த்தவங்க கையெழுத்துப் போட்டாத்தான் உதவித்தொகை தொடரும்," என்றார் குமாஸ்தா.

"அவரோட அண்ணனைக் கூட்டிட்டு வந்திருக்கேங்க."

உடன் வந்தவர் ஊன்றுகோல்களை மேசையில் சாய்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்தார்.

"உங்களுக்கும் போர்லதான் கால் போச்சா? பாவம், உயிரோட திரும்பினவங்களுக்கு ஆறு மாசம்தான் பணம். செத்தவங்க குடும்பத்துக்குன்னா பிள்ளைங்க படிச்சு முடிக்கிற வரைக்கும்."

"தெரியும் சார்."

"தம்பி செத்தத கண்ணால பார்த்தீங்களா?"

"பக்கத்துலயேதான் இருந்தேன். பொண்டாட்டி பிள்ளைய நெனச்சுக்கிட்டேதான் போனான்."

அவர் பேனாவை எடுத்தார். அவள் சட்டென்று பிடுங்கிக்கொண்டாள். "அவருக்கு எழுத வராதுங்க. ரேகை வைப்பாரு."

குமாஸ்தா முத்திரை குத்தினார். "தம்பி குடும்பத்துக்காக இந்தக் காலோட இவ்வளவு தூரம் வந்திருக்காரே! நல்ல மனுஷன்."

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, அவர் கட்டைவிரல் மையை முந்தானையால் துடைத்தாள். மை போகவில்லை, அழுகைதான் வந்தது.

"பேனாவ எடுத்துட்டீங்களே! உங்க பழைய கையெழுத்து அந்த ஃபைல்லயே இருக்கே."

"மறந்துட்டேன்மா."

"இனிமே பாப்பாவையும் உங்கள பெரியப்பான்னு கூப்பிடப் பழக்கணுங்க. வாய் தவறி அப்பான்னு சொல்லிட்டா எல்லாம் போச்சு."

அவர் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார்.

"காலையிலயே பெரியப்பான்னுதான் கூப்பிட்டா. நான்தான் வேற யாரையோன்னு திரும்பாம இருந்துட்டேன்."