இருபது அடி

நாய் பிப்போ காட்டுக்குள் ஓடி அரை மணித்தியாலம் ஆகிவிட்டது. ஏர்னஸ்ற் இன்னும் தடியால் புல்லைத் தட்டிக்கொண்டிருந்தான்.

தட்டுவான். குனிந்து பார்ப்பான். ஒரு அடி வைப்பான். மறுபடியும் தட்டுவான்.

இருபது அடி பின்னால் நின்ற றோசமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாய் அவள் வேலை செய்யும் வீட்டுச் சின்யோராவினுடையது. பகேரியாவில் தங்கையைப் பார்க்கப் போயிருக்கும் சின்யோரா ஒரு மணிக்குத் திரும்பிவிடுவாள். வாசலில் நாய் வந்து குரைக்காவிட்டால் முதலில் வேலை போகும். அந்த வேலையைக் காட்டித்தான் ஆறு வருடம் அலைந்து புருசனான இவனை இத்தாலிக்கு, பலெர்மோவுக்கு எடுத்தாள். அது போனால் அவனுடைய பெர்மெஸ்ஸோவும், இங்கே இருக்கும் அனுமதியும், ஆட்டம் காணும்.

இவ்வளவையும் சொல்லியாயிற்று. கேட்டுக்கொண்டுதான் தட்டுகிறான்.

“நான் முன்னுக்குப் போறன். நீர் இருபது அடி விட்டு வாரும்” என்று காட்டுக்குள் இறங்கும்போதே சொல்லிவிட்டான். வந்த ஒன்பது நாளில் மனுசன் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

பெல்லெகிரினோ மலையடியில் ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும் அவளுக்கு அத்துப்படி. எது குதிரைகள் போவது, எது மேலே குகைக்குள் இருக்கும் புனித ரொசாலியாவிடம் ஏறுவது, எந்த வளைவில் காட்டுப் பெருஞ்சீரகம் மணக்கும், எல்லாம் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நாயை இழுத்துக்கொண்டு வருவாள். சோடிகள் தோளோடு தோள் உரசியபடி கடந்து போவார்கள். தனக்கும் ஒரு நாள் வரும் என்று ஆறு வருடம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வந்த நாள் இப்படி இருக்கிறது.

அவனுக்குப் பாதை தெரியாது. பாஷை தெரியாது. அவன் கூப்பிட்டால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. ஆனாலும் அவன்தான் முன்னால் போகவேண்டும். பெண்சாதி பக்கத்தில் நடந்தால் ஐயாவுக்கு மரியாதை குறைந்துபோகுமாக்கும்.

ஊரில், மண்டைதீவில் அவனுடைய தகப்பன் பூசைக்குப் போவதும் இப்படித்தான். அவர் முன்னால், மாமி பின்னால். மாற்றுச் சேட்டு ஒன்றுகூட இல்லாமல் வந்து இறங்கியவன், அந்தக் குணத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறான்.

ஊரைவிட்டு எப்படி வெளியே வந்தீர்கள் என்று கேட்டதற்கும் ஒழுங்கான பதில் இல்லை. வன்னிக் காட்டுக்குள்ளால் பதினொரு பேர் நடந்தார்களாம். வழிகாட்ட வந்தவர் வந்து சேரவில்லையாம். அவ்வளவுதான். நடுக்காட்டில் விட்டுவிட்டுக் கழன்றுகொண்டான் என்று நினைத்து, முகம் தெரியாத அந்த ஆளை அவள் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள்.

இந்த மனிதனோடு எப்படிக் காலம் தள்ளுவது? தனியாகவே இருந்திருக்கலாம் என்று முதல் தடவையாக இன்றைக்குத் தோன்றியது. தோன்றியதும் கண் கலங்கியது. அது எரிச்சலை இன்னும் கூட்டியது.

இடது பக்கப் புதருக்குள் நாய் குரைத்தது. பிப்போதான்.

ஏர்னஸ்ற் தடியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டான்.

“அங்கை ஒருத்தரும் நடந்த அடையாளம் இல்லை” என்றான்.

நாய் அங்கேதான் நிற்கிறது, அடையாளம் வேண்டுமாம் இவனுக்கு. றோசமலர் பாதையை விட்டு இறங்கினாள். பைன் மரங்களின் உதிர்ந்த இலைகளை மிதித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

பத்து எட்டு வைத்திருப்பாள். காலடியில் டக் என்றது.

“றோசா, காலைத் தூக்காதையும்.”

ஒன்பது நாளில் அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அப்போதுதான். அவள் நின்றாள். குனிந்து பார்த்தாள். செருப்புக்கு அடியில் பச்சையாகத் தகரம் தெரிந்தது. நசுங்கிய பியர் ரின். இறைச்சி சுட்டுத் தின்ன வருகிறவர்கள் எறிந்துவிட்டுப் போவது.

அதைச் சொல்லத் திரும்பினாள்.

தடியை எறிந்துவிட்டு, எங்கும் தட்டிப் பார்க்காமல், நேராக ஓடி வந்துகொண்டிருந்தான் அவன்.

வந்த வேகத்தில் முழந்தாளில் விழுந்தான். இரண்டு உள்ளங்கைகளையும் அவளுடைய செருப்பின் ஓரமாகத் தகரத்தில் வைத்தான். உடம்பின் பாரம் முழுவதையும் அதில் ஏற்றி அழுத்தினான்.

“இப்ப மெதுவாக் காலை எடும். வந்த அடியிலேயே திரும்பிப் போய், இருபது அடி தள்ளி நில்லும்.”

மிதிவெடி என்று நினைத்திருக்கிறான். காலை எடுத்தால்தான் வெடிக்கும் வகையும் உண்டென்று, ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் கோவில் வாசலில் கதைத்ததை அவள் கேட்டிருக்கிறாள். வழிகாட்ட வந்தவர் எங்கே நடந்திருப்பார் என்பது அவளுக்கு இப்போதுதான் விளங்கியது.

முன்னால்.

இது வெறும் பியர் ரின் என்று அவள் சொன்னாள். இன்னொரு தரமும் சொன்னாள். அவனுக்கு அது காதில் விழவேயில்லை. விரல் நகங்கள் வெளிறிப்போயிருந்தன.

பிப்போ தானாகவே புதருக்குள்ளிருந்து வந்து அவனுடைய காதை முகர்ந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஓடினால் ஒரு மணிக்கு முன் வீட்டுக்குப் போய்விடலாம்.

“தள்ளிப் போம் எண்டெல்லோ சொல்லுறன்” என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு.

றோசமலர் காலை எடுக்கவில்லை. அப்படியே மெல்லக் குந்தி, அவன் தோளோடு தன் தோளை முட்டக் கொடுத்து இருந்தாள்.